செல்லம் வளர்ந்த ஊர்

1921ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஏழு வயது முடிந்த கையோடு, அய்யாவு மகள் செல்லம் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் வளரத் தொடங்கினாள். அவள் உடம்பு மட்டும் மலாயாவில் கூலாய்க்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் நான்காம் லயத்தில், கூலிகளின் வீட்டு வரிசையில், மூன்றாம் வீட்டிலேயே இருந்தது. அங்கேயே சோறு தின்றது, அங்கேயே தூங்கியது, பத்து வயதிலிருந்து புல்லு வெட்டப் போனது. ஆனால் காலையில் எழுந்து நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால், ஆற்றங்கரை முள்புதரில் கருநீலப் பழம் பறித்துத் தின்றேன், பல்லெல்லாம் கறுத்துவிட்டது என்பாள். பல்லைப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். அந்த ஆண்டு ரப்பர் விலை விழுந்து கிடந்ததால் தோட்டத்தில் எல்லாருக்கும் வேறு கவலை இருந்தது. பிள்ளை ஏதோ கனாக் கண்டு உளறுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. செல்லத்தின் ஆத்தா காளியம்மா, துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரைசானி பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் காளியம்மாவுக்குச் செல்லம் பிறந்திருந்தாள். கங்காணி வந்து கூப்பிட்டான், இவள் போனாள். துரை மகள் மேபல் வயிறு நிறையக் குடித்தாள். மிச்சம் இருந்த அன்று செல்லமும் குடித்தாள். மேபல் காளியம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. செல்லம் பிள்ளைக்கொட்டகையில், நாற்பது பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக, வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இதை யாரும் அநியாயம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. பங்களா வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் நான்காம் லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் அதைத் தாயத்துக் கூட்டில் அடைத்து அரைஞாணில் கட்டுவது நம்மவர் வழக்கம். வெள்ளைக்காரர்கள் அதைக் குப்பையில் போடுகிறார்கள் என்று தெரிந்தபோது காளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மேபலின் கொடியைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி எடுத்து வந்து, ஜொகூர் பாருவில் ஓர் ஆசாரியிடம் இரண்டு வெள்ளிக்கூடு செய்யச் சொன்னாள். ஒன்று தன் மகளுக்கு, ஒன்று துரை மகளுக்கு. ஆசாரி இரண்டையும் ஒரே அச்சில் செய்து கொடுத்தார். பிள்ளைகள் ஐந்து வயதைத் தாண்டி அரைஞாண் பொருந்தாமல் போனபோது இரண்டையும் ஒரே தகர டப்பாவில் போட்டு வைத்தாள். துரை தன் மகளை இங்கிலாந்தில் இருக்கும் தன் அக்காவிடம் அனுப்பப் போகிறார் என்று தெரிந்த அன்று, கடல் தாண்டுகிற பிள்ளை வெறும் இடுப்போடு போகக்கூடாது என்று காளியம்மாவுக்குத் தோன்றியது. கூலாய் ஸ்டேஷனுக்குக் கார் கிளம்பும் முன்னால், டப்பாவில் கையை விட்டு ஒன்றை எடுத்து, மேபலின் கவுனுக்கு அடியில் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் எது யாருடையது என்று பார்க்கவில்லை. செல்லம் பல் முளைக்கும்போது கடித்த தடம் ஒன்றில் இருந்தது. சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்த்தபோது, மிச்சம் இருந்ததில் தடம் இல்லை.

ஒரே பாலைக் குடித்த பிள்ளைகள், இதிலென்ன வந்துவிடப் போகிறது என்று மூடி வைத்தாள். வந்துவிட்டது. கப்பல் சிங்கப்பூரை விட்ட மறுநாள் காலையில் செல்லம் கண்விழித்து, ஆத்தாவைப் பார்த்து, "ஆயா, நம்ம பங்களா எங்க? நான் ஏன் இங்க படுத்திருக்கேன்?" என்று கேட்டாள்.

காளியம்மாவின் துக்கம் அன்றைக்குத் தொடங்கியது. மகள் தன்னை மறந்திருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். மகளுக்கு அவளை நன்றாகவே நினைவிருந்தது, பங்களா ஆயாவாக. ஆயா தன்னைத் தூக்கிக்கொண்டு பங்களாவைச் சுற்றிச் சுற்றி நடந்தது, சோற்றைப் பிசைந்து ஊட்டியது, ஊஞ்சல் கட்டி ஆட்டியது எல்லாம் செல்லத்துக்குத் தெரிந்தது. எதையெல்லாம் தன் பிள்ளைக்குச் செய்யாமல் அடுத்த பிள்ளைக்குச் செய்தாளோ அதெல்லாம் இப்போது தன் பிள்ளையின் நினைவில் பத்திரமாக இருந்தது. கொஞ்சியது ஆத்தா என்பது மட்டும் அதில் இல்லை. நாளாக நாளாக அந்தக் கேள்வியைக் கேட்பதைச் செல்லம் விட்டுவிட்டாள். தமிழ்ப் பேச்சு நாக்குக்குப் பழகியிருந்தது, வேலை கைக்குப் பழகியிருந்தது, கேட்கக்கூடாது என்பதும் அப்படியே பழகிவிட்டது. பிரியமாகத்தான் இருந்தாள். வேலைக்காரியிடம் ஒரு நல்ல பிள்ளை எவ்வளவு பிரியமாக இருக்குமோ அவ்வளவு.

லயத்துப் பிள்ளைகளுக்கு அவள் சொல்கிற கதைகள் பிடித்துப்போயின. அவளுடைய ஊரில் ரொட்டிக்கடை ஒன்று இருந்தது. கடைப்பூனை அடுப்புச் சூட்டில் படுத்துப் படுத்து முதுகு ரோமம் பழுப்பாகிவிட்டது. பாலத்தடியில் வாத்துகள் இருந்தன. தபால்காரருக்கு ஒரு கால் மரக்கால். ஞாயிற்றுக்கிழமை அதற்கு எண்ணெய் போடுவார். அத்தை வீட்டுப் பரணில் ஆப்பிள்களைக் காகிதத்தில் சுற்றி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வீடு முழுக்க மணக்கும். குளிர்காலத்தில் வானத்திலிருந்து வெள்ளையாக உதிரும், சத்தமே இருக்காது. அட்டைக்கடியோடு புல்லு வெட்டிவிட்டு வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவளும் அட்டைக்கடியோடுதான் உட்கார்ந்து சொன்னாள். அவளுக்கு ஆங்கிலமும் வந்தது. தோட்டத்துப் பெரிய கிராணியார், யாழ்ப்பாணத்துக் கனகசபை, ஆபீசில் எழுதி வைத்திருந்த கடிதத்தை, தரை கூட்டிக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்து ஒரு பிழையைச் சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உதை ஆர் பிள்ளை உனக்குப் படிப்பிச்சது?" என்று கேட்டார். "மிஸ் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் செல்லம். கனகசபை அதன்பிறகு கடிதங்களை அவளிடம் காட்டிவிட்டே அனுப்பினார், வெளியில் சொல்லவில்லை.

1924ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள், தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பெண்கள் முன்னாலும் செல்லம், "ஆயா, என் பாவாடையைத் துவைச்சு வையி," என்றாள். பெண்கள் சிரித்தார்கள். காளியம்மா வீட்டுக்கு இழுத்து வந்து விறகுக் கட்டையால் முதுகில் அடித்தாள். "நான் ஆத்தாடி! சொல்லு! ஆத்தான்னு சொல்லுடி!" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். பிள்ளை அழுதுகொண்டே சொன்னது. விடிந்ததும் முதுகில் தழும்போடு எழுந்து, நேற்று மாதாகோயில் மணியை முதன்முதலாக இழுக்க விட்டார்கள், கயிறு என்னை மேலே தூக்கிவிட்டது என்று சிரித்தது. காளியம்மா அந்தத் தழும்புக்கு எண்ணெய் தடவினாள். அடித்தது பிள்ளைக்கு நினைவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளே தன்மேல் காறித் துப்பிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்துப் புருசன் அய்யாவுக்கு மலேரியா வந்து உடம்பு தூக்கிப் போட்டது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காளியம்மா மகளையும் கூட்டிக்கொண்டு பங்களா படிக்கட்டடியில் போய் நின்று, ஸ்டேஷன் வரைக்கும் காரைக் கேட்டாள். அன்று சனிக்கிழமை. கிளப்புக்குப் போவதற்காகக் காரைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். துரை வெள்ளைக் காலுறையைச் சரிசெய்துகொண்டே, "திங்கட்கிழமை பாக்கலாம்," என்றார். அவர் தமிழ் நன்றாகவே பேசுவார். அய்யாவு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்தான், அன்று மாலையே புதைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் செல்லம் துள்ளிக்கொண்டு எழுந்து, ஆற்றில் யாரும் பிடிக்காமல் அக்கரைக்கு நீந்திவிட்டேன் என்று இழவு வீட்டுக்கு வந்த பெண்களிடம் கை வீசிக் காட்டினாள். ஒருத்தி அறையப் போனாள். "விடு. அவ இங்க இல்ல," என்றாள் காளியம்மா.

ஐந்து வாரம் கழித்துத் துரை காளியம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். கையில் மகள் எழுதிய கடிதம் இருந்தது. என் அப்பா அய்யாவுக்கு ஏன் கார் கொடுக்கவில்லை என்று மேபல் கேட்டிருந்தாள். அன்று அவர் போட்டிருந்த காலுறையின் நிறம், காரிலிருந்து சொட்டிய தண்ணீர், அவர் சொன்ன இரண்டு சொற்கள், எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.

"யார் இதெல்லாம் எழுதிச் சொன்னது? கிராணியா?"

"கிராணியாரு அன்னிக்கு இங்க இல்லீங்க தொரை. லயத்துல யாருக்குங்க எழுதத் தெரியும்?" என்றாள் காளியம்மா. பிறகு மெதுவாக, "வேற என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

துரை படித்துச் சொன்னார். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. போன முதல் வாரத்திலேயே மேபல் ஆத்தா ஆத்தா என்று அழுததும், அக்கா அந்தத் தாயத்தை அழுக்கு என்று அறுத்து ஆற்றில் போட்டதும், போட்டும் எதுவும் நிற்காததும், இரண்டு வருடம் முன்னால் ஒரு காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு அலறியதும், டாக்டரிடம் காட்டியதும் எல்லாம் வெளியில் வந்தன. கேட்கக் கேட்கக் காளியம்மாவுக்கு விளங்கியது. தன் மகளின் நாட்கள் தொலைந்துபோகவில்லை. பிள்ளைக்கொட்டகையில் காத்துக் கிடந்தது, குழாயடி, விறகுக் கட்டை, அப்பனைப் புதைத்தது, ஒன்றுவிடாமல் ஓரிடத்தில் இருந்தன. மேபலுக்குத் தன் சொந்த நாட்கள் நினைவில்லை, இதுதான் இருந்தது.

"தொரை, அந்தப் புள்ளைய ஒரு தடவ கூட்டியாங்க. என் வீட்டுத் தரையில உக்காந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும். அதுவே போதும். அவ குடிச்சா மறுநாளு என் மவளுக்கு நெனப்பு வந்துடும். அவ ஆத்தான்னு கூப்ட்டா இவளுக்கு நெனப்பு வந்துடும்."

துரை அடுத்த வருஷம் என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். தன்னைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து பார்த்து வைத்திருக்கிற மகளை வீட்டுக்குள் விட அவருக்குப் பயம். அக்காவுக்கு எழுதினார்: அந்தப் பேச்சை எடுத்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் என்று பிள்ளையிடம் சொல்லிவை. அக்கா சொன்னாள். செல்லத்துக்கு அது அப்படியே நினைவிருந்தது. "அத்தை எதையோ பேசக்கூடாதுன்னு சொன்னாங்க ஆயா, பேசினா பைத்தியக்கார ஆஸ்பத்திரியாம். எதைன்னுதான் எனக்குத் தெரியல. நானும் பேசறதில்ல," என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்.

காளியம்மாவுக்கு ஒரு வழி புரிந்தது அப்போதுதான். செல்லத்தின் காதில் சொன்னால் மறுநாள் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மகளை முன்னால் உட்கார்த்தித் தலை சீவிக்கொண்டே, கடலுக்கு அப்பாலிருப்பவளிடம் பேசினாள். "கண்ணு, உனக்குத் தெரியும் நான் யாருன்னு. பயப்படாத. ஒரே ஒரு தடவ வாய் தொறந்து என்னைப் பத்திச் சொல்லு. செவுத்துக்கிட்டயாவது சொல்லு." செல்லம் பொறுமையாகத் தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். விடிந்ததும் காளியம்மா கேட்பாள்: "நேத்து என்னம்மா பேசினே?" செல்லம் நேற்றையதைச் சொல்வாள். பழப்பாகு கிண்டினார்கள், பனி மூடிய வயலில் முயல் தடம் பார்த்தேன், அத்தை தோழிகளோடு தேநீர் குடித்தேன். ஒரு சொல் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிப் பயம் விடவில்லை போலும். இப்படி ஏறக்குறையப் பத்து வருடம் போனது. பத்து வருடம் என்று எழுதுவது எளிது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் கேட்டாள்.

இதற்கு நடுவில் 1931ஆம் ஆண்டு ரப்பர் வியாபாரத்தில் மந்தம் வந்தது. ஏழு லயத்து ஆட்களில் நாலு லயத்து ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். காளியம்மா வீட்டைத் துரை அனுப்பவில்லை. காரணம் இரக்கமில்லை. அவர் ஊரை விட்டு வந்து இருபத்தைந்து வருடமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லத்தைப் பங்களா வராந்தாவில் உட்கார வைத்து, ரொட்டிக்கடைப் பூனை செத்துப்போனதையும் பாலத்துக்குப் புதுக் கைப்பிடி போட்டதையும் கேட்பார். கண் கலங்குவார். "என் மகள் மாதிரி," என்பார். தன்னைக் குற்றம் சொல்லத் தெரியாத மகள் அவருக்கு வாய்த்திருந்தாள். காளியம்மா வராந்தாத் தூணோரம் நின்று, இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். துரை 1934இல் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். மகள் இருந்த கிராமத்துக்குப் போகவில்லை, வேறெங்கோ வீடெடுத்தார் என்று கனகசபை கிராணியார் சொன்னார்.

செல்லத்தை அர்ச்சுனன் என்ற ரப்பர்ப்பால் வெட்டுக்காரன் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு மறுநாள் அவளுக்கு நினைவிருந்தது சைக்கிள் பழகியதுதான். அர்ச்சுனன் நல்லவன். தினமும் காலையில், "நான்தான் உம் புருசன், அர்ச்சுனன்," என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கொடுத்தான். அவளும் நல்ல இடத்துப் பெண் மாதிரி தலையசைத்து வாங்கிக்கொண்டாள். பழகிவிட்டால் எதுவும் குடும்பம்தான்.

1936 ஜனவரியில் காளியம்மாவுக்குக் காலும் வயிறும் வீங்கிற்று. கடைசி வாரம் எழ முடியவில்லை. மகளைப் பாயருகில் உட்காரச் சொல்லி, நடுங்குகிற கையால் தலை சீவினாள். "கண்ணு, இனிமே எனக்கு நேரமில்ல," என்று மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் உயிர் போனது. லயத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். ஆத்தா செத்தால் மகள்தான் ஒப்பாரியைத் தொடங்க வேண்டும், மகள் வாயெடுக்காமல் அடுத்தவர் எடுக்கக்கூடாது. செல்லம் தலைமாட்டில் கைகட்டி நின்றாள். எதைச் சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நல்ல ஆயா. என்னை ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாங்க," என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பெண்கள் வெகுநேரம் காத்திருந்துவிட்டு எழுந்தார்கள். காளியம்மாவை ஒப்பாரி இல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தோட்டத்தில் அனாதைகளுக்குக்கூட அப்படி நடந்ததில்லை.

புதன்கிழமை செல்லம் வேலைக்குப் போனாள், வழக்கம்போல இருந்தாள். வியாழக்கிழமை விடிகாலையில் பெரட்டுக் களத்தில் கனகசபை கிராணியார் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். செல்லம் பேரைக் கூப்பிட்டார். அவள் கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஆத்தா!" என்றாள்.

அவளுக்கு நேற்று நினைவுக்கு வந்திருந்தது. நேற்று அவள் ரொட்டிக்கடை வாசலில், தெருவில், பனியில் உட்கார்ந்திருந்தாள். தலையை விரித்துப்போட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஊரே நின்று பார்க்க, அத்தை கையைப் பிடித்து இழுக்க இழுக்க, பதினைந்து வருடம் பேசாத பேச்சைத் தமிழில் பேசியிருந்தாள். அது அவள் வாயில் அப்படியே இருந்தது. இப்போது பெரட்டுக் களத்தில் அதையே மறுபடி சொன்னாள்:

"கொட்டகையில காக்க வச்சியே ஆத்தா, கண்ணு பூக்கக் காத்திருந்தேன்! மிச்சப் பாலு கொண்டாந்தியே ஆத்தா, அந்த மிச்சத்துல நான் வளந்தேன்! ஏன் ஆத்தா அடிச்சே? அடிச்ச கையால ஏன் ஆத்தா எண்ண தடவினே? பத்து வருசம் காதோரம் கேட்டியே ஆத்தா, பயந்து கெடந்தேனே, ஒரு வார்த்த சொல்லாம உன்னை மண்ணுல போட்டேனே!"

வேலை மேய்க்கும் மண்டோர் பிரம்பை உயர்த்திக்கொண்டு வந்தான். மூத்த பால் வெட்டுக்காரி வெள்ளையம்மா குறுக்கே நின்றாள். "விடுங்கய்யா. அவளுக்கு இப்பத்தான் சேதி வந்திருக்கு. கடலத் தாண்டி வரணுமில்ல," என்றாள். சொல்லிவிட்டுச் செல்லத்தின் தோளைக் கட்டிக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். மகள் தொடங்கிவிட்டதால் மற்றவர்களும் தொடங்கலாம். நான்காம் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாளியை வைத்துவிட்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து, புதைத்து இரண்டு நாளான காளியம்மாவுக்கு ஒப்பாரி வைத்தார்கள். வெயில் ஏறும்வரை அழுதார்கள். கனகசபை கிராணியார் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகும் செல்லம் அந்த ஊரிலேயேதான் வளர்ந்தாள், அங்கேயேதான் அவளுக்கு வயதும் ஆனது. புதிதாக வந்த ஆட்கள் யாராவது, ஆத்தா செத்ததற்கு இவள் அழவே இல்லையாமே என்று கேட்டால், நான்காம் லயத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அழுதாளே, நாள் முழுக்க அழுதாள், அவளோட ஊரில், ரொட்டிக்கடைக்கு முன்னால் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.